விரல் கடைசியில் வரட்டும்

(ஸ்கேல் மாடல் கட்டுவோர் கூடிய சந்திப்பொன்றில் ஏர்பிரஷ் பயிற்சி குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்த ஏர்பிரஷ் வாங்கலாம், எந்த கம்ப்ரஸர் சத்தம் போடாது என்ற கேள்விகளோடு சிலர் வந்திருப்பீர்கள். அவற்றுக்குக் கடையிலேயே பதில் கிடைத்துவிடும். கடையில் கிடைக்காத ஒன்றைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். நம் கையில் ஏற்கெனவே இருக்கிற ஏர்பிரஷை, நாம் நினைத்த இடத்தில், நினைத்த அகலத்தில் மட்டும் பெயிண்ட் போட வைப்பது எப்படி?

இப்படிக் கேட்டதும் எல்லோரும் தங்கள் ஆட்காட்டி விரலைப் பார்த்துக்கொள்கிறார்கள். "எனக்குக் கை நடுங்கும் சார்" என்பார் ஒருவர். "அவருக்குப் பிறவியிலேயே கை வாய்த்துவிட்டது" என்பார் இன்னொருவர். பாவம், விரல் அவ்வளவு பழிக்கு ஆளாகிறது. நான் பார்த்தவரை, கோடு கெட்டுப்போனதற்கு விரல் காரணமாக இருப்பது அபூர்வம். கோப்பையில் ஊற்றிய பெயிண்ட், குழாயில் வருகிற காற்று, நாசிலுக்கும் மாடலுக்கும் நடுவில் உள்ள தூரம் என்று மூன்று இருக்கின்றன. இந்த மூன்றும் அமைந்த பிறகுதான் விரலுக்கு வேலை. மூன்றும் அமையாதபோது விரலை மட்டும் எத்தனை நாள் பழக்கினாலும் கோடு திருந்தாது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு விமானத்தை நடுவில் வைத்துக்கொள்வோம். இத்தாலியின் மக்கி சி.202 ஃபோல்கோரே. மாரியோ காஸ்டோல்டி வடிவமைத்தது. 1940 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. டெய்ம்லர்-பென்ஸ் 601 என்ஜின் பொருத்திய, ஒடிசலான ஒற்றை இருக்கைப் போர்விமானம். வட ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடல் பகுதியிலும் போரிட்டது. மாடல் கட்டுவோரிடம் இது பேர்வாங்கியது அதன் வேகத்தால் அல்ல, மேல்தோலால். மணல் நிறத்தை ஒட்டிய வெளிர் பழுப்பின்மேல், கரும் ஆலிவ் பச்சையில் வளையம் வளையமாகப் போட்டிருப்பார்கள். அதற்குப் புகை வளையம் என்றே பெயர். சில வளையங்கள் முழு வட்டம். சில வாய் திறந்தவை. சில பக்கத்து வளையத்தோடு ஒட்டிக்கொண்டவை. இறக்கையின் மேற்புறம் முழுக்க, உடலின் இரு பக்கமும் இதேதான். வயிற்றுப் பக்கம் மட்டும் வெளிர் நீலச் சாம்பல். மாஸ்கிங் டேப் ஒட்டி இதைச் செய்ய முடியாது. ஏர்பிரஷைக் கையில் பிடித்து ஒவ்வொரு வளையமாக வரைந்தாக வேண்டும். வளையங்களை அச்சிட்ட டெகால் தாள்களும் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி ஒட்டுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அப்படி ஒட்டுகிறவருக்கு இந்த உரை தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். இந்த விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 10.58 மீட்டர். 1/72 அளவில் அது 147 மில்லிமீட்டர். உள்ளங்கையிலிருந்து சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உண்மை விமானத்தில் ஒரு வளையம் அரை மீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால் நமக்கு அது 7 மில்லிமீட்டர். வளையத்தின் கோடு 7 சென்டிமீட்டர் அகலம் என்றால் நம் கோடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இன்னொரு பக்கமும் கணக்குப் போடலாம். நம் கோட்டின் ஓரத்தில் 3 மில்லிமீட்டருக்குப் பெயிண்ட் தூசியாகப் படர்ந்துவிட்டால், உண்மை விமானத்தில் அது 21 சென்டிமீட்டருக்கும் மேல். அப்படி ஓர் அழுக்குப் படலத்தோடு எந்தத் தொழிற்சாலையும் விமானத்தை வெளியே விட்டிருக்காது. பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். "பொம்மை மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஆக, நமக்கு 1 மில்லிமீட்டர் கோடு வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வருவோம்.

ஏர்பிரஷிலிருந்து பெயிண்ட் கூம்பு வடிவில் விரிந்து வருகிறது. தள்ளி நின்றால் வட்டம் பெரிது, கிட்டே போனால் சிறிது. மெல்லிய கோடு வேண்டுமானால் 1 சென்டிமீட்டர் அளவுக்கு, சில சமயம் அதைவிடவும் நெருங்கிப் போக வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் 20 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள காற்றோடு போனால் என்ன ஆகும்? விழுந்த ஈரப் பெயிண்டைக் காற்றே தள்ளிக்கொண்டு ஓடும். எட்டுத் திசையிலும் சிலந்திக்கால் முளைக்கும். எனவே காற்றைக் குறைக்க வேண்டும். 10, 12 பிஎஸ்ஐ போதும். காற்றைக் குறைத்தால், கெட்டியான பெயிண்டை உடைத்துப் பனியாக்கும் வலு அதற்கு இருக்காது. பொட்டுப் பொட்டாகத் துப்பும். எனவே பெயிண்டை நன்றாக நீர்க்க வைக்க வேண்டும். நீர்த்த பெயிண்ட் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் குளம் கட்டும். எனவே பெயிண்டைத் திறந்துவிடும் டிரிக்கரை மயிரிழை அளவுக்குத்தான் இழுக்க வேண்டும். அவ்வளவு கொஞ்சமாக வரும் நீர்த்த பெயிண்ட் ஒரே வீச்சில் மூடாது. எனவே அதே தடத்தில் மூன்று நான்கு முறை போக வேண்டும்.

ஒன்றைத் தொட்டால் அடுத்தது தானாக மாறுகிறது. இணையத்தில் ஒருவர் "நான் 12 பிஎஸ்ஐ வைத்துத்தான் அடிக்கிறேன்" என்று சொல்வதைக் கேட்டு நாமும் 12 வைக்கிறோம். பெயிண்டை மட்டும் பழைய கலவையிலேயே ஊற்றுகிறோம். அது துப்புகிறது. "12 சரிப்படவில்லை" என்று 25-க்கு ஏற்றுகிறோம். சிலந்திக்கால் வருகிறது. பிறகு விரலைத் திட்டுகிறோம். அந்த எண்ணில் தவறில்லை. சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு வந்ததுதான் தவறு.

இனி கருவிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். 1879-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் செய்த கருவி இன்றைய ஏர்பிரஷின் முன்னோடிகளில் ஒன்று. 1890-களில் சார்ல்ஸ் பர்டிக் அமைத்த வடிவத்தைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தெரியாது. அடிப்படை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. நடுவில் ஓர் ஊசி, நுனி நோக்கிக் கூம்பாகக் குறுகுவது. அதைச் சுற்றி நாசில். ஊசி முழுக்க முன்னால் இருக்கும்போது நாசிலின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். டிரிக்கரைப் பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கும். ஊசிக்கும் நாசிலுக்கும் நடுவே மோதிரம் போல ஓர் இடுக்கு திறக்கும். நாசிலின் வெளிப்புறத்தைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்று அந்த வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் பெயிண்ட் உறிஞ்சப்பட்டு வெளியே வந்து உடைந்து துகளாகிறது. நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது டபுள் ஆக்‌ஷன் வகை. டிரிக்கரைக் கீழே அழுத்தினால் காற்று. பின்னால் இழுத்தால் பெயிண்ட். ஒரே விரல், இரண்டு வேலை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் புரிகின்றன. ஒன்று, நாசிலின் அளவு கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பதில்லை. 0.3 மில்லிமீட்டர் நாசில் வைத்துக்கொண்டே 1 மில்லிமீட்டர் கோட்டைத் தாராளமாகப் போடலாம். மெல்லிய கோடு வரவில்லை என்று 0.2-க்குத் தாவுகிறவர்கள் அடைப்பை விலை கொடுத்து வாங்குகிறார்கள். சின்ன வாய்க்குப் பெயிண்டை இன்னும் நீர்க்க வைக்க வேண்டும். பிரைமரும் உலோக நிறங்களும் அதில் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். கலவை பிடிபட்டவருக்கு 0.2 நல்ல கருவி. பிடிபடாதவருக்கு அது தலைவலி. இரண்டு, ஊசியின் நுனிதான் முழுக் கருவியும். நுனி இம்மி வளைந்தாலும் கோடு ஒரு பக்கமாகச் சாயும். சுத்தம் செய்து திரும்பப் போடும்போது ஊசியை அழுத்தித் திணித்தால் நாசிலின் வாய் விரிந்துவிடும் அல்லது பிளந்துவிடும். மெதுவாகத் தள்ளி, தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள்.

முதல் கண்ணி பெயிண்ட். கலவை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் பாலைப் போல என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பால் என்று யாரும் சொல்வதில்லை. கறந்த பாலா, கடைப் பாலா, தண்ணீர் கலந்த பாலா? அந்த வழக்கை விட்டுவிட்டுக் கோப்பையின் சுவரைப் பாருங்கள். கலவையைக் குச்சியால் சுவரில் ஏற்றிவிடுங்கள். சுவரைவிட்டு நகராமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் கெட்டி. ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டு வழுக்கிக் கீழே வந்தால், பரப்பு முழுக்க அடிக்கச் சரியான பதம். படலமே தங்காமல், லேசான சாயம் மட்டும் விட்டு ஓடினால், வளையம் போடச் சரியான பதம். பொதுவான தொடக்கமாக, பரப்பு அடிக்க ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர். மெல்லிய கோட்டுக்கு மூன்று, நான்கு பங்கு கூடப் போகலாம். புட்டியின் அடியில் படிந்திருக்கும் நிறமியை நன்றாகக் கலக்காமல் மேலாக உறிஞ்சி எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும்.

பெயிண்டுக்கும் ஜாதகம் உண்டு. மிஸ்டர் கலர் போன்ற லாக்கர் வகை, அதற்குரிய லெவலிங் தின்னரோடு சேரும்போது மெல்லிய கோட்டுக்கு மிக இணக்கமாக நடந்துகொள்ளும். டமியாவின் அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்தது. அதுவும் அந்த லாக்கர் தின்னரோடு நன்றாகவே சேரும். வல்லேஹோ போன்ற நீர் சார்ந்த அக்ரிலிக்கில் அதே தின்னரை ஊற்றினால் பிசின் போலத் திரண்டுவிடும். அதற்கு அதன் சொந்தத் தின்னர்தான். நீர் சார்ந்தவற்றில் ஊசி நுனியில் பெயிண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் அதிகம். நுனியில் ஒரு மணி உருவாகி, அது திடீரென்று பிய்த்துக்கொண்டு வந்து மாடலில் விழும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேர்ப்பதும், கிளீனரில் நனைத்த தூரிகையால் அவ்வப்போது நுனியைத் துடைப்பதும் இதற்கு மருந்து.

இரண்டாவது காற்று. காற்றழுத்தம் எவ்வளவு என்பதைக் கம்ப்ரஸரில் உள்ள மீட்டரில் பார்க்கிறோம். பார்க்கும் நேரம் முக்கியம். டிரிக்கரை அழுத்தாமல் இருக்கும்போது 15 காட்டுகிற மீட்டர், காற்று ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடும். ஆகவே டிரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரெகுலேட்டரைத் திருப்புங்கள். ஓடும் காற்றின் அளவுதான் நமக்கு வேண்டியது. தொட்டி இல்லாத கம்ப்ரஸரில் காற்று துடித்துத் துடித்து வரும். பரப்பு அடிக்கும்போது அது தெரியாது. 1 மில்லிமீட்டர் கோட்டில் தடித்தும் மெலிந்தும் தெரியும். சின்னத் தொட்டி ஒன்று அந்தத் துடிப்பை விழுங்கிவிடும்.

நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் எழுதிய குறிப்புகளைச் சென்னையிலோ தூத்துக்குடியிலோ அப்படியே நம்பினால் ஏமாறுவோம். கம்ப்ரஸர் காற்றை அமுக்கும்போது அது சூடாகிறது. பிறகு தொட்டியிலும் குழாயிலும் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. கடற்கரை ஊர்களில் அந்த ஈரம் கொஞ்சநஞ்சமல்ல. ரெகுலேட்டருக்குக் கீழே உள்ள நீர்பிடிப்பான் ஒன்று போதவில்லையென்றால், ஏர்பிரஷின் கைப்பிடிக்கு அருகிலேயே குழாயில் இன்னொன்று பொருத்திக்கொள்ளுங்கள். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்க மறக்காதீர்கள். சித்திரை வெயிலில் பெயிண்ட் பறக்கும்போதே காய்ந்து, மாடலில் மணல் மணலாக விழும். அப்போது ரிடார்டர் கூடுதலாகச் சேருங்கள், அல்லது விடியற்காலையில் அடியுங்கள். ஐப்பசி அடைமழையில் வேறு சிக்கல். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்ட் வெளுத்துப்போகும். அன்றைக்கு அட்டையை வெட்டுங்கள், உப்புத்தாள் தேயுங்கள், லாக்கரைத் தொடாதீர்கள்.

மூன்றாவது தூரம். இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, செய்யத்தான் நிறைய இருக்கிறது. பரப்பு அடிக்க 7 முதல் 10 சென்டிமீட்டர். வளையத்துக்கு 1 சென்டிமீட்டர். ஆனால் எண்ணைவிட முக்கியம், கை போகும் வழியெல்லாம் அந்தத் தூரம் மாறாமலிருப்பது. மாறாமலிருக்க வேண்டுமானால் கையை அந்தரத்தில் விடக்கூடாது. இரண்டு முழங்கைகளும் மேசைமேல் இருக்கட்டும். மாடலைப் பிடித்திருக்கும் கையின்மீது ஏர்பிரஷ் கையின் சுண்டுவிரலை ஊன்றுங்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், நடுக்கம் இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே நடுங்கும், கோட்டுக்குத் தெரியாது. குழாயின் கனம் கையை இழுக்காமலிருக்க அதை முன்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம். நாசிலின் முன் உள்ள மூடியைக் கழற்றினால் நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அப்போது ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எதிலாவது இடித்தால் தொலைந்தது. விளக்கு தலைக்கு மேலே இருப்பதைவிடப் பக்கவாட்டில் தாழ்வாக இருப்பது நல்லது. பெயிண்ட் ஈரமாக விழுகிறதா, காய்ந்து விழுகிறதா என்று பளபளப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்போதுதான் விரலுக்கு வருகிறோம். அதற்கு முதல் பாடம் வரிசை. முதலில் காற்று, பிறகு பெயிண்ட். நிறுத்தும்போது முதலில் பெயிண்ட், பிறகு காற்று. நெருக்கமான வேலையில் இதைவிட எளிய வழி, காற்றை நிறுத்தவே நிறுத்தாமல் விடுவது. டிரிக்கர் எப்போதும் கீழே அழுத்தியபடியே இருக்கட்டும். பின்னால் இழுப்பதும் விடுவதும் மட்டுமே விரலின் வேலை. இரண்டு வேலையில் ஒன்று குறைந்ததும் விரல் பாதி தேறிவிடும். இரண்டாம் பாடம் ஓட்டம். கை நகரத் தொடங்கிய பிறகு பெயிண்ட் வர வேண்டும். பெயிண்ட் நின்ற பிறகு கை நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் கோட்டின் இரு முனையிலும் குண்டு விழும். மூன்றாவது, ஊசியின் வரம்புத் திருகு. சில ஏர்பிரஷ்களின் வாலில் ஒரு திருகு இருக்கும். டிரிக்கர் எவ்வளவு தூரம் பின்னால் வரலாம் என்பதற்கு அது எல்லை போடுகிறது. பயிற்சி நாட்களில் அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பயிற்சிக்கு வருவோம். புத்தகங்களில் கட்டம் போட்டுப் புள்ளி வைப்பதும், புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதும் இருக்கும். நம் வீட்டு வாசலில் தினமும் நடக்கிற வேலை அது. ஏர்பிரஷ் பழக நான் சொல்லும் பாடம் புள்ளிக் கோலம்தான். கோலமாவு பிடிக்கிற கையைக் கவனியுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் திறக்கிற அளவு, கை போகிற வேகம், தரையிலிருந்து கை நிற்கிற உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே கோட்டின் தடிப்பைத் தீர்மானிக்கின்றன. நேர்கோட்டில் எல்லோருக்கும் மாவு சீராக விழும். வளைவில்தான் சோதனை. வளைவில் கை தானாக மெதுவாகிறது. அங்கே மாவு குவிகிறது. கை தேர்ந்தவர்கள் வளைவுக்குச் சற்று முன்னாலேயே விரலை இறுக்கி, வளைவு தாண்டியதும் தளர்த்துவார்கள். அவர்களைக் கேட்டால் அப்படிச் செய்வதாகவே சொல்ல மாட்டார்கள். புகை வளையத்தில் நமக்கு வேண்டியது இதே திறமை. வளையம் முழுக்கவே வளைவுதான்.

ஆகவே, வழவழப்பான வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையொன்றை எடுத்து ஐந்துக்கு ஐந்து புள்ளிகளைப் பென்சிலால் குறியுங்கள், 1 சென்டிமீட்டர் இடைவெளியில். முதலில் ஒவ்வொரு புள்ளியின்மேலும் ஒரு பொட்டு. எல்லாம் ஒரே அளவில். அடுத்து நேர்க்கோடுகள், புள்ளியிலிருந்து புள்ளிக்கு. பிறகு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் கோடுகள். நெருங்கிக்கொண்டே டிரிக்கரை விட்டுக்கொண்டே போவது. கடைசியாகச் சிக்குக் கோலம், புள்ளிகளைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போகும் ஒற்றைக் கோடு. காகிதத்தில் பழகினால் பெயிண்டைக் காகிதம் உறிஞ்சிக்கொண்டு நம் தவறுகளை மறைத்துவிடும். பிளாஸ்டிக் மறைக்காது. தட்டையான அட்டை பழகியதும் பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில் போட்டுப் பாருங்கள். விமானத்தின் உடலும் அப்படித்தான் உருண்டிருக்கும். மாடலைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் இதைச் செய்தால் போதும்.

விழுந்த தடத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்துவிடும். சிலந்திக்கால் தெரிந்தால், காற்று அதிகம், அல்லது பெயிண்ட் அதிகம் வருகிறது, அல்லது கை நின்றுவிட்டது. மணல் போலச் சொரசொரவென்று இருந்தால் பெயிண்ட் வழியிலேயே காய்கிறது. நெருங்கிப் போங்கள், அல்லது தின்னர் சேருங்கள். நன்றாக வந்துகொண்டிருந்த கோடு திடீரென்று துப்பினால் நுனியில் பெயிண்ட் காய்ந்திருக்கிறது. முதலிலிருந்தே துப்பினால் பெயிண்ட் கெட்டி, அல்லது காற்று போதாது. கோப்பையில் குமிழி கொப்பளித்தால் காற்று உள்ளே திரும்பி வருகிறது என்று பொருள். நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது விரிந்துவிட்டது. டிரிக்கரை விட்ட பிறகும் பெயிண்ட் கசிந்தால் ஊசி முழுக்கப் போய் அமரவில்லை. எது தெரிந்தாலும், மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரே சமயத்தில் தின்னரும் ஊற்றி, காற்றையும் ஏற்றி, தூரத்தையும் மாற்றினால் கோடு சரியாகிவிடலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் மக்கியின் இறக்கையில் போடும் எல்லா வளையங்களும் முதல் முறையிலேயே சரியாக வந்துவிடாது. யாருக்கும் வராது. நாம் வியந்து பார்க்கிற மாடல்களில் கூரிய வளையங்களாகத் தெரிபவற்றில் பல, இரண்டு நிறங்களால் மாறி மாறிச் செதுக்கப்பட்டவை. அந்த வரிசையைச் சொல்கிறேன். பழுப்பை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அந்தப் பழுப்புக் கலவையைக் கொட்டாமல் மூடி வையுங்கள். வளையங்களின் இடத்தை மென்மையான பென்சிலால் லேசாகக் குறியுங்கள். ஒரே சீராக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்த்த பச்சையால் முதல் சுற்று மங்கலாகப் போகட்டும். அழித்துவிடக்கூடிய அளவுக்கு மங்கல். இடம் பிடித்திருந்தால் அதே தடத்தில் மேலும் இரண்டு மூன்று சுற்று. இப்போது ஏர்பிரஷைக் கழுவிப் பழுப்பை ஊற்றி, வளையத்தின் உள்ளேயும் வெளியேயும் படிந்த பச்சைத் தூசியை மூடிக்கொண்டே வாருங்கள். தடித்த கோடு மெலியும். கோணிய வட்டம் நிமிரும். வேண்டுமானால் மறுபடி பச்சை, மறுபடி பழுப்பு. கடைசியாக, பத்தில் ஒன்பது பங்கு தின்னராக உள்ள பழுப்பை முழு இறக்கையின்மேலும் மெல்லிய மூட்டமாக ஒரு முறை ஓட்டினால் இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து அமரும்.

இந்த முறை ஏன் முக்கியம் என்றால், திருத்த முடியும் என்று தெரிந்த கை இறுகாது. இறுகாத கை நடுங்குவதும் குறைவு. நடுக்கத்தைப் போக்க மூச்சை அடக்கிப் பார்த்தவர்கள் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. லாக்கர் ஆவி துணி மாஸ்கில் நிற்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். வெளியே காற்றை இழுத்துத் தள்ளும் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. நீர் சார்ந்த பெயிண்ட் என்றாலும் பனியாகப் பறப்பது நுரையீரலுக்குள்தான் போகும். லாக்கர் அடிக்கிற அறையில் விளக்கோ ஊதுவத்தியோ எரியக்கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கும் அறையில் அடிக்காதீர்கள்.

கட்டுப்பாடு என்று நாம் சொல்வது ஒரு முறை அழகாக வந்துவிட்ட கோட்டை அல்ல. அது தற்செயலாகவும் வரும். நேற்று வந்த அதே கோடு இன்றும் வர வேண்டும், கேட்டபோதெல்லாம் வர வேண்டும். அதற்கு நினைவை நம்பிப் பயனில்லை. எழுதி வைக்க வேண்டும். எந்தப் பெயிண்ட், எத்தனை துளி தின்னர், ஓடும் காற்று எத்தனை பிஎஸ்ஐ, எவ்வளவு தூரம், அன்றைக்கு வெயிலா மழையா. பயிற்சி அட்டையின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துவிடலாம். சில மாதங்களில் உங்கள் பெயிண்டுக்கும், உங்கள் கம்ப்ரஸருக்கும், உங்கள் ஊர் வானிலைக்கும் பொருந்துகிற ஒரு கையேடு உங்களிடமே சேர்ந்துவிடும். வேறு யாரும் அதை உங்களுக்கு எழுதித் தர முடியாது.

எனவே அடுத்த சந்திப்புக்கு வரும்போது முடித்த மாடலைக் கொண்டுவர வேண்டாம். சிக்குக் கோலம் போட்ட இரண்டு அட்டைகளைக் கொண்டுவாருங்கள்; வெவ்வேறு நாட்களில் ஒரே கலவையில் போட்டவை. ஓரத்தில் குறிப்பு இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, குறிப்பை மறைத்துக் கோலத்தை மட்டும் பார்த்து, எது எந்த நாளில் போட்டது என்று எங்களால் சொல்ல முடியாவிட்டால், உங்கள் மக்கிக்கு வளையம் போட நீங்கள் தயார்.